குங்குமம் பட்ட தட்டு

பால் காய்கிற வாசனையும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் நான் இன்றைக்கும் நின்று ஒரு சத்தத்துக்குக் காது கொடுப்பேன். அந்த இரண்டும் சேர்ந்திருந்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் போகிற தெருவில், ஒரு பால்கோவாக் கடைக்கும் ஒரு பூக்கடைக்கும் நடுவில், எங்கள் தாய்மாமா வைத்திருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. பக்கத்துக் கடையின் விறகடுப்புப் புகை சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக எங்கள் கடைக்குள் வந்து இறங்கும். மேசையின் மேல், பச்சை எழுத்து மின்னும் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வரும். முதலில் 'டக்' என்று ஒன்று, பிறகு நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல 'கர்ர்... கர்ர்...' என்று கொஞ்ச நேரம், பிறகு அமைதி. அந்தச் சுரண்டல் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் என் சின்ன வயசில் எனக்கு நன்றாக நினைவிருக்கிற காரியம்.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். அதற்குச் சொந்தமாக எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் சுவிட்சைப் போட்டால், தான் எதற்காக இங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் முழிக்கும். 'பிளாப்பி' என்கிற கறுப்புத் தட்டை அதன் வாய்க்குள் செருகி, சின்னக் கைப்பிடியைத் திருகி மூடிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். தட்டு என்று நாங்கள் சொன்னோமே தவிர அது சதுரமானது. விரித்த கை அளவுக்கு, வளைத்தால் வளைகிற ஒரு உறை. உறைக்குள்ளே வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். உறையில் ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். அதன் வழியாகத்தான் பெட்டி உள்ளே இருப்பதைப் படித்துக்கொள்ளும். பிறந்த நாளையும் நேரத்தையும் ஊரையும் தட்டிக் கொடுத்தால் ராசி, நட்சத்திரம், கட்டம், இரண்டு ஜாதகமானால் பத்துப் பொருத்தம் என்று எல்லாவற்றையும் கணக்குப் போடுகிற வித்தை முழுவதும் அந்த வெங்காயத் தோலில் இருந்தது. செய்து விற்ற மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் அதை யாரும் நகல் எடுக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆகவே கடைக்கு அது ஒன்றே ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அக்கா கோமதி பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தாள். மாமா அவளை மதுரைக்கு அனுப்பிக் கொஞ்சநாள் பழக வைத்து, கூட்டிவந்து அந்தப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்தார். நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டவன். கடையின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பிரிண்டரிலிருந்து இறங்கும் தாளின் ஓரத்துத் துளைப்பட்டையைக் கிழித்துக்கொண்டிருப்பேன். யாராவது பேர் கேட்டால்கூட அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிற சுபாவம் எனக்கு. இப்போதும் அது பெரிதாக மாறிவிடவில்லை.

அக்கா அந்தத் தட்டைக் கையாண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கீற்றின் மேல் விரல் படக்கூடாது. விரலில் இருக்கிற வியர்வையே அதற்கு விஷம் என்பாள். வேலை முடிந்ததும் காகித உறைக்குள் போட்டு நிற்க வைக்க வேண்டும், படுக்க வைத்து மேலே எதையும் வைக்கக் கூடாது. உறையின் மேல் ஒட்டியிருக்கிற மேல்சீட்டில் பால்பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிகிறபோது என்ன அவசரமானாலும் வெளியே இழுக்கக் கூடாது. வெயில் ஆகாது, ஈரம் ஆகாது, புகை ஆகவே ஆகாது. பால்கோவா வாங்கிக்கொண்டு அப்படியே ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் நெய் பிசுபிசுக்கும் கையோடு மேசையில் கையூன்றினால் அக்காவின் முகம் மாறிவிடும். மாமா தன் கௌரவத்துக்காக வாங்கி வைத்த கறுப்பு டெலிபோனை அவள் நாலு சாண் தள்ளி ஜன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்தாள். மணியடிக்கிற அதன் வயிற்றுக்குள் காந்தம் இருக்கிறது, காந்தம் கிட்ட வந்தால் எழுத்து அழிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். ஆடிப்பூரத்துக்குக் கடைத்தூணில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியபோது, அவள் தட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, முந்தானையால் மூடி, நெஞ்சோடு அணைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"அதென்னட்டி, கைப்புள்ளயத் தூக்கிட்டு வாரவ மாதிரி வாரே? பாலு கீலு குடுக்கணுமா?" என்று அம்மா கேட்டாள்.

"சிரிக்காதம்மா. இது செத்தா மூணு பேரும் கஞ்சிக்கு எங்க போறது?" என்றாள் அக்கா.

ஆனால் தெருவில் இருந்தவர்கள் அதை வேறு விதமாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதன் பெயர் 'தகடு'. ஜாதகக் கடை, உள்ளே கறுப்பாக ஒரு தகடு, அதைச் செருகினால் பெட்டி ஒருவன் பிறந்த நேரத்தைச் சொல்லிப் பொருத்தம் பார்க்கிறது என்றால் மக்கள் என்ன நினைப்பார்கள்? செம்புத் தகட்டை மந்திரித்துக் கட்டிப் பழகிய ஊர். சிலர் காலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மகாராஜபுரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, காய்ச்சல் பிடித்த குழந்தையின் நெற்றியில் அந்தத் தகட்டை ஒரு தரம் வைத்து எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அக்கா மாட்டவே மாட்டேன் என்றபோது, இவள் என்ன இவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

மாமா இந்த நினைப்பையெல்லாம் கலைக்கவில்லை, வளர்த்தார். "மனுசன்னா மறதி உண்டு, சொந்தபந்தம் உண்டு. ஜோசியருக்கு ஒரு கிளாஸ் மோரு குடுத்தாக் கூட ஒரு பொருத்தம் கூடும். மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. அது தப்பே பண்ணாது" என்று அவர் வாசலில் நின்றுகொண்டு சொல்லுவார். கேட்டுக் கேட்டு அது அந்தத் தெருவுக்கே மனப்பாடமாகிவிட்டது. அந்தப் பேச்சுத்தான் ஒருநாள் எங்கள் வீட்டின் மேலேயே வந்து விழப்போகிறது என்று அப்போது யார் கண்டது?

ஆயுதபூஜை வந்தது. அந்த நாட்களில் அக்கா வீட்டுக்குத் தூரமாக இருந்தாள். பூஜைக்கு வரக் கூடாது, கடை வாசலைக் கூட மிதிக்கக் கூடாது. தட்டைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்; அன்றைக்குப் பார்த்து அவளை வீட்டின் பின்கட்டில் உட்காரவைத்துவிட்டு நானும் மாமாவும் பொரிகடலையும் வாழைக்கன்றும் தூக்கிக்கொண்டு போனோம். மாமா பெட்டிக்குப் பட்டையாகச் சந்தனம் பூசினார், நடுவில் குங்குமம் வைத்தார், பிரிண்டருக்கு வைத்தார், டெலிபோனுக்கு வைத்தார், மின்விசிறிக்கு ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார். பூக்கடைக்கார அம்மா கதம்பம் கொண்டுவந்து கொடுத்தவள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் வச்சீக, தகட்டுக்கு வைக்கலையேய்யா? உசுரே அதுலதானே இருக்கு?" என்று கேட்டாள். மாமாவுக்கு அது சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். காகித உறையிலிருந்து தட்டை எடுத்தார். ஒழுங்காக மேல்சீட்டின் மூலையில்தான் பொட்டு வைத்தார், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தட்டை இலையின் மேல் படுக்கவைத்து, பூவைத் தூவி, சூடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். கரும்புகை நூல் மாதிரி எழுந்து தட்டின் மேலேயே வளைந்து இறங்கியதை நான் பொரி தின்றுகொண்டே பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது.

சாயங்காலம் அக்கா பின்கட்டிலிருந்தே கேட்டாள். "தட்டுக்கிட்ட யாரும் போகலேல்ல?"

"மாமா பொட்டு வச்சாக" என்றேன். "பூ போட்டாக. சூடம் காட்டுனாக."

உலர்த்திய துணியை மடித்துக்கொண்டிருந்தவள், அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

கடைக்குப் போக முடிந்த முதல் நாளே அவள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நடு ஓட்டையில் விரலை விட்டு உள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். கீற்றுக்குள் சிவப்பாக ஒரு தூள் தெரிந்தது. கடுகில் பாதிகூட இராது. ஊதினால் எச்சில் தெறிக்கும், துணியால் துடைத்தால் கோடு விழும் என்று தலைகீழாகப் பிடித்து விரல்முனையால் தட்டித் தட்டி உதிர்த்தாள். உதிர்ந்தது எவ்வளவு, உறையின் உள்பஞ்சில் ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? தட்டை உள்ளே போட்டாள். 'டக்'. பிறகு 'கர்ர்... கர்ர்...' என்று ஆரம்பித்தது. வழக்கமாக நிற்கிற இடத்தில் அது நிற்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகுதான் நின்றது.

அன்று முதல் அந்தச் சத்தம் நீண்டுகொண்டே போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கடைச்சுவர் ஊறி, காகிதமெல்லாம் நமத்துப்போய், பிரிண்டரில் தாள் சுருண்டது. சுரண்டல் சத்தம் கேட்கிறபோதெல்லாம் ஜாதகம் பார்க்க வந்தவர்கள், ஏதோ பெட்டிக்குள் இருந்து யோசிக்கிறது என்று எண்ணிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அக்கா மட்டும் நாற்காலி நுனியில் இருப்பாள். "மாமா, இப்பவே இதை மெட்ராசுக்கு அனுப்பிச்சா வேற தட்டு குடுத்துருவாக. நாம அனுப்பிருவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இது போயிட்டு வாரதுக்குள்ள முகூர்த்த மாசம் முடிஞ்சிரும். அதுவரைக்கும் கடைய மூடிட்டு ஈ ஓட்டவா? ஓடுதுல்ல? ஓடுற மட்டும் ஓடட்டும்" என்றார் மாமா.

அந்த மழைக்குள்தான் ராஜபாளையத்திலிருந்து அக்காவுக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பேர் முருகேசன், நூல்மில்லில் ஃபிட்டர். ஏற்கெனவே ஒரு தரம் கூட்டாளியின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்தான். அன்றைக்குப் பிரிண்டர் தாளை இழுத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்து, கேட்காமலேயே திருப்புளி வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டு, "பஞ்சுத் தூசி மாதிரிதாங்க, பேப்பர்த் தூசியும். துடைச்சு விட்டா ஓடிரும்" என்று அக்காவைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். போன பிறகு அக்கா அந்தப் பிரிண்டரைத் தேவையில்லாமல் இரண்டொரு தரம் துடைத்ததை நான் பார்த்தேன். ஆகவே பெண் கேட்டு அந்த வீட்டிலிருந்தே ஆள் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அக்கா சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

பெண் பார்க்கிறது கோயிலில் வைத்து முடிந்தது. பொருத்தம் மட்டும் பாக்கி. மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கறாரான மனுஷி. "எங்க ஊரு ஜோசியருக ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக. அண்ணாச்சி கடை மெஷினு தப்பே பண்ணாதுன்னு ஊரே சொல்லுது. பொண்ணு ஒங்க வீட்டுப் பொண்ணா இருந்தாலும் மெஷினு பொய் சொல்லாதுல்ல? அதுலயே பாத்துருவோம்" என்றாள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். தன் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

கோயிலிலிருந்து குடையும் ஈரமுமாக எல்லாரும் கடைக்குள் வந்து அடைந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, என் அம்மா, மாமா, ஓரத்தில் நான். அக்கா பட்டுச்சேலையோடு பின்பக்கம் தாள் கட்டு வைத்திருந்த மறைப்புக்கு அருகில் நின்றாள். "பொண்ணு தொட வேண்டாம், நீங்களே போடுங்க அண்ணாச்சி" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதால் மாமா தட்டைச் செருகிவிட்டு ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்தார். மாப்பிள்ளையின் பிறந்த நாள், நேரம், ராஜபாளையம். 'டக்', 'கர்ர்', அமைதி. கட்டம் வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். பிறகு அக்காவின் பிறந்த நாள், நேரம், ஸ்ரீவில்லிபுத்தூர். மாமா கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் ஆரம்பித்தது. நீண்டது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியது. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தமும் இதுவும் மட்டும்தான். மாப்பிள்ளையின் அம்மா முதலில் திரையைப் பார்த்தாள், பிறகு மாமாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, சாமி கும்பிடுகிற மாதிரி. 'டக்'கென்று சத்தம் நின்றது. கட்டம் வரவில்லை. தட்டைப் படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று கேட்கிற ஒற்றை ஆங்கில வரி வந்து நின்று, அதன் நுனியில் பச்சைக் கோடு கண் சிமிட்டியது.

"என்ன சொல்லுது?" என்றாள் அந்த அம்மா.

அந்த இடத்தில் மாமா வாயைத் திறந்து, மெஷின் கோளாறு என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் மெஷின் தப்பே பண்ணாது என்று அத்தனை நாளும் சொன்ன வாய் அது. அவர் மறுபடி பார் என்கிற பொத்தானை அழுத்தினார். சுரண்டியது. நின்றது. மறுபடி அழுத்தினார். அழுத்த அழுத்தச் சத்தம் மாறியது. இப்போது நகத்தால் சுரண்டுகிற மாதிரி இல்லை, கல்லில் கத்தி தேய்க்கிற மாதிரி இருந்தது.

"அழுத்தாதீக மாமா, தட்டு போயிரும்!" என்று அக்கா பட்டுச்சேலை சரசரக்க ஓடிவந்தாள். சிவப்பு விளக்கு அணைகிற வரைக்கும் அவ்வளவு பதற்றத்திலும் காத்திருந்தாள். பிறகு கைப்பிடியைத் திருகித் தட்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பழுப்பு வட்டத்தில் வெள்ளையாக ஒரு கோடு வளையம் போட்டிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒட்டியிருந்தது. அவள் அதை அந்த அம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் நேராக நீட்டினாள்.

"ஒண்ணுமில்லத்தே. ஆயுதபூஜைக்குப் பொட்டு வச்சப்போ குங்குமம் உள்ள விழுந்துருச்சு. அது உராஞ்சு கோடு விழுந்துருக்கு. அதான் படிக்கல. வேற யாரு பேரப் போட்டாலும் இப்ப நிக்கத்தான் செய்யும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

அந்த அம்மா தட்டைத் தொடவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். "குங்குமமா?" என்றாள்.

"ஆமாத்தே."

"எம் மவன் பேரப் போட்டப்ப ஓடுச்சு. ஒம் பேரப் போட்டப்பக் குங்குமம் வந்து குறுக்க நிக்குது." அவள் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. "குங்குமமே வேண்டாங்குது தாயி. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கணும்?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பஞ்சு அடைத்து நின்றுபோன மெஷினை நாளெல்லாம் பிரித்துத் துடைத்து ஓடவைக்கிற மனுஷன். அந்தக் கடைக்குள் அவள் சொன்னது முழுவதும் புரிந்த ஆள் அவர் ஒருவர்தான். தட்டைப் பார்த்தார், புரிந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வாய் திறக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குடையை விரிக்க வாசலுக்குப் போனார்.

புதுத்தட்டு வந்துசேர்வதற்குள் கார்த்திகையும் பாதி போய்விட்டது. வந்ததும் அக்கா முதல் வேலையாக இருவர் பேரையும் போட்டாள். சத்தம் வரவேண்டிய அளவுக்கு வந்தது, நின்றது. பொருத்தம் நன்றாகவே இருந்தது. அவள் அந்தத் தாளைக் கிழித்து மாமாவிடம் நீட்டி, ராஜபாளையம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். மாமா தாளைக் கையில் வாங்கவே இல்லை. "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னு மெஷினு பேச்சு மாத்துதுன்னு நானே போயிச் சொல்லணுமா? பொறவு எவன் இந்தக் கடைப்படி ஏறுவான்?" என்றார். தங்கச்சி மகளின் மேல் அவருக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் தன் வாயால் கட்டின கூண்டுக்குள் அவரே மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ராஜபாளையத்தில் அவர்கள் வீடு மில்லுக்குப் போகிற சாலையில் இருந்தது. வாசலில் காயப்போட்ட துணியில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்த அம்மா எங்களை விரட்டவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீ நல்ல புள்ளதான் தாயி, எனக்குத் தெரியுது. ஆனா நாளைக்கு எம் மவனுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு அந்தக் குங்குமம்தான் ஞாபகம் வரும். ஒன்னய நான் நல்லா வச்சுக்கிட மாட்டேன். வேண்டாம்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே சைக்கிள் துடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் வாசலைத் தாண்டுகிற மட்டும் அது நிற்கவில்லை.

அதன் பிறகு அக்காவுக்கு ஊரில் ஒரு பேர் விழுந்தது. 'மெஷின் நின்ன பொண்ணு'. இதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. பூக்கடை, பால்கோவாக் கடை, குழாயடி என்று அது பரவி, வருகிற இடமெல்லாம் அதைக் கேட்டுவிட்டு வழியிலேயே திரும்பிப் போனது. சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க வழி தேடுகிறவர்கள் மாமா கடைக்கு வந்து, "நிக்குதான்னு பாருங்க" என்று காதோடு கேட்கிற அளவுக்குப் போயிற்று. அக்கா கடையை விட்டு நின்றாள். அவளுக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அந்தத் தட்டு ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவளும் சொன்னதில்லை. பொருத்தத் தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் அம்மா அதில் சீனி கட்டிவைத்தாள்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மாமா காலமாகிவிட்டார். கோடு விழுந்த தட்டு மெட்ராசுக்குப் போனது போனதுதான். அந்த மாதிரித் தட்டைச் செருகுகிற வாயுள்ள பெட்டியையே நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. என் வேலைக்காக நாங்கள் குடிவந்த ராஜபாளையத்தில் அக்கா பஸ்நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போடுவது, ரிசல்ட் பார்த்துக் கொடுப்பது, கேட்டால் ஜாதகப் பொருத்தம் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. நான் துணி வெளுக்கிற பட்டறை வேலை முடிந்து சாயங்காலம் போய் அவளுக்கு ஷட்டர் இறக்கிக் கொடுப்பேன். ஆயுதபூஜைக்கு அவள் வாசல்படிக்கும் சுவருக்கும் மேசைக்காலுக்கும் பொட்டு வைப்பாள். மெஷினுக்கு வைக்கமாட்டாள். யார் என்ன சொன்னாலும் வைக்கமாட்டாள்.

போன ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஒரு தாயும் மகளும் பொருத்தம் எடுக்க வந்தார்கள். அக்கா இரண்டு பேர் விவரத்தையும் அடித்துப் பொத்தானை அழுத்தினாள். திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போதுள்ள மெஷினில் சத்தமே கிடையாது. அந்தப் பழைய பெட்டியாவது சுரண்டிச் சுரண்டி முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இது ஒன்றும் சொல்லாது. அந்தத் தாய் வாய் திறப்பதற்கு முன்னால், முகம்கூட மாறுவதற்கு முன்னால், அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"இது லைன் கோளாறு தாயி. மழையில்ல, அதான். ஒங்க மகளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"நான் ஒண்ணும் கேக்கலையேக்கா" என்று அந்தத் தாய் சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

வட்டம் சுற்றியது. சிரிப்பு அடங்கிய பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தாய், மடியில் கிடந்த மகளின் ஜாதகத்தை இரண்டு கையாலும் மெதுவாக மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.